மதிலுக்குள் ஓர் ஊராட்சி: கட் ஹிங் வை

அவையோர் அனைவர்க்கும் வணக்கம். ஹாங்காங்கின் வடபுறத்தில், நியூ டெரிட்டரீஸ் பகுதியின் காம் தின் சமவெளியில் இருக்கும் கட் ஹிங் வை என்ற ஊர் தன்னைத்தானே எவ்வாறு ஆண்டுகொண்டது என்பதைக் குறித்து இன்று பேச விழைகிறேன். கன்டோனிய மொழியில் ‘வை’ என்பது சுற்றி வளைக்கப்பட்டதைக் குறிக்கும் சொல்.

டாங் குலத்தார் 15-ஆம் நூற்றாண்டில், மிங் பேரரசு ஆண்ட காலத்தில், இவ்வூரை அமைத்தார்கள். அப்போது மதில் இல்லை. மிங் பேரரசுக்குப் பின் வந்த சிங் அரசு, 1662-இல் தைவானிலிருந்த எதிரிகளுக்கு உணவும் உதவியும் போய்ச் சேராதிருக்கக் கடற்கரை மக்களை உள்நாட்டுக்கு விரட்டியது. 1669-இல் அந்த ஆணை விலக்கப்பட்ட பின்னரே எஞ்சியவர்களால் ஊர் திரும்ப முடிந்தது. தங்களுக்காக அரசிடம் மன்றாடிய இரண்டு அதிகாரிகளின் நினைவாகக் காம் தின் மக்கள் ஒரு கல்விக்கூடம் எழுப்பினார்கள். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பெருவிழாவும் எடுத்துவருகிறார்கள். கொள்ளையர்க்கு அஞ்சி நீலச்செங்கல் மதிலும், நான்கு மூலைக் காவற்கோபுரங்களும், அகழியும் எழுந்தது சிங் பேரரசர் காங்ஸியின் காலத்தில்தான். உள்ளே நுழைய ஒரே வாயில். அதிலிருந்து நேராகச் செல்லும் தெரு வழிபாட்டுக்கூடத்தில் முடிகிறது.

அரசின் மாவட்ட நடுவரோ தொலைவில், நான்தோவில் இருந்தார். ஆகவே அன்றாட வழக்குகளைக் குலப் பெரியவர்களே தீர்த்துவைத்தார்கள். அவர்களுடைய சொல்லுக்கு வலிமை தந்தது, என் கருத்தில், ‘ட்சோ’ எனப்படும் முன்னோர் நிலமே. ஒரு முன்னோரின் பெயரால் ஒதுக்கப்பட்ட அந்நிலத்தைப் பங்காளிகள் பிரித்துக்கொள்ளவோ, எவரும் தனியே விற்கவோ இயலாது. அதன் குத்தகை வருவாயில் முன்னோர் வழிபாடும், கல்லறைப் பராமரிப்பும், பிள்ளைகளின் கல்வியும் நடந்தன. பொறுப்பாளர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். 1898-இல் 99 ஆண்டுக் குத்தகையாக இப்பகுதியைப் பெற்ற பிரிட்டிஷாரும் அம்முறையை ஒழிக்கவில்லை. பொறுப்பாளர்களின் பெயர்களைப் பதிவுசெய்து, நிலத்தை விற்க அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று விதித்தார்கள்.

ஆயினும் அவர்களுடைய வருகை அமைதியாக நிகழவில்லை. 1899 ஏப்ரலில் ஊரார் எதிர்த்து நின்றபோது படையினர் இரும்புக் கதவுகளைப் பெயர்த்தெடுத்தார்கள். ஆளுநர் ஹென்றி பிளேக் அவற்றை அயர்லாந்துக்குக் கொண்டுசென்றார். டாங் குலத்தார் மறவாது கேட்டுக்கொண்டேயிருந்ததால் 1925-இல் கதவுகள் திரும்பி வந்தன. வாயிலருகே பதித்த கல்வெட்டு அந்தச் செய்தியைச் சொல்கிறது.

இக்குலமரபின் பெரும் குறை பெண்களைப் புறத்தே நிறுத்தியதுதான். நியூ டெரிட்டரீஸ் பெண்களுக்கு நிலத்தில் வாரிசுரிமை 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது. 2003 முதல் இங்குள்ள பூர்வகுடி ஊர்களில் பூர்வகுடிகளுக்கு (பிரிட்டிஷார் வருமுன்பே அங்கு வாழ்ந்த குடும்பங்களின் வழியினருக்கு) ஒருவர் அல்லது சிலரும், அங்கு வசிப்போர் அனைவருக்கும் ஒருவரும் எனப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பெண்களும் வாக்களிக்கிறார்கள், ஆனால் ட்சோ நிலத்தின் பங்கு இன்றும் ஆண்வழியிலேயே செல்கிறது.