மாநாட்டுக்கு வரும் வெளிநாட்டு விருந்தினர்களை அரை நாளில் எங்கே அழைத்துப் போகலாம்?

அடுத்த கேள்வி, சென்னையிலிருந்து ஒரு பல் மருத்துவர் அனுப்பியது. "ஜனவரியில் எங்கள் சங்கம் மூன்று நாள் சர்வதேச மாநாடு நடத்துகிறது. இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் வெளிநாட்டு விருந்தினர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும். கபாலீசுவரர் கோயில், எழும்பூர் அருங்காட்சியகம், தட்சிணசித்ரா கலைக் கிராமம், மாமல்லபுரம், கடைசியில் தி.நகரில் பட்டுப்புடவைக் கடை என்று போட்டிருக்கிறோம். சரியாக இருக்குமா?"

டாக்டர், தயவுசெய்து இதில் நான்கை எடுத்துவிடுங்கள். மாமல்லபுரம் ஒன்று போதும். இத்தனை இடம் வைத்தால் பாதி நேரம் பேருந்திலேயே போய்விடும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு போட்டோ, "சீக்கிரம் ஏறுங்க" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான் மிஞ்சும். இன்னொன்று, கோயில் நடை மதியம் சாத்தியிருக்கும், நான்கு மணி வாக்கில்தான் திறப்பார்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். தேதியைப் பார்க்காமல் போட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

மதியச் சாப்பாட்டை முடித்து ஒன்றரைக்குக் கிளம்பினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்றரைக்குள் போய்விடலாம். முதலில் அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பம். சாலையோரத்திலேயே இருக்கிறது, பார்க்கக் கட்டணமும் இல்லை. அங்கே ஒரு முக்கால் மணி நேரமாவது கொடுங்கள். நடுவில் பாறை பிளந்திருக்கும், அந்தப் பிளவுக்குள் நாகர்கள். பக்கத்தில் பெரிய யானை, அதன் காலடியில் குட்டிகள். யானைக்கு அருகிலேயே ஒரு பூனை ஒற்றைக் காலில் நின்று, கைகளை மேலே தூக்கித் தவம் செய்யும், சுற்றிலும் எலிகள். வழிகாட்டி அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டாம், அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஜப்பான்காரர் பிரேசில்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார். சிற்பத்தில் தவம் செய்யும் மனிதர் அர்ச்சுனனா, பகீரதனா என்று அறிஞர்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டையும் சொல்லுங்கள். படித்தவர்கள் கூடும் இடத்தில் அது நல்ல பேச்சைக் கிளப்பும். அப்படியே பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் காட்சிச் சிற்பம். கறந்துகொண்டிருக்கும்போதே பசு கன்றை நக்கிக் கொடுக்கும். அதற்கு எந்த விளக்கமும் தேவைப்படாது.

அப்புறம் ஐந்து ரதம், அதாவது தேர் வடிவில் பாறையைக் குடைந்து செய்த கோயில்கள், கடைசியில் கடற்கரைக் கோயில். இந்த இரண்டு இடத்துக்கும் ஒரே சீட்டுதான். வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், நமக்கு 40. ஆனால் இலங்கை, நேபாளம், வங்கதேசம், தாய்லாந்து போன்ற சார்க், பிம்ஸ்டெக் (தெற்காசிய, வங்காள விரிகுடாப் பகுதி நாடுகளின் கூட்டமைப்புகள்) நாட்டவருக்கும் 40 ரூபாய்தான். அவர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும்படி முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஐந்து ரதம் இருக்கும் இடம் மணல் தரை. வயதானவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் கூடவே ஒரு ஆள் வேண்டும். ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள், அதனால் கடற்கரைக் கோயிலுக்கு ஐந்து மணிக்காவது வந்துவிடுங்கள்.

ஜனவரி என்பது உங்களுக்குப் பெரிய வசதி. வெயில் தாழ்ந்திருக்கும். மாமல்லபுரத்தில் சுற்றுலாத் துறையின் இந்திய நாட்டிய விழாவும் டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியில் நடக்கும். அந்த ஆண்டுத் தேதியைக் கேட்டு, மாலையில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். ஓட்டலில் தனியாகக் கலைநிகழ்ச்சி ஏற்பாடு செய்வதைவிட, ஊர்க்காரர்களோடு திறந்தவெளியில் உட்கார்ந்து பார்ப்பதுதான் எனக்குப் பிடித்தது.

கடைக்குப் போவதற்குப் பதிலாகச் சிற்பக்கூடம் ஒன்றுக்குப் போகலாம். தெருவுக்குத் தெரு உளிச் சத்தம் கேட்கிற ஊர் அது. முன்கூட்டியே பேசிவைத்தால், சிற்பி கருங்கல்லில் ஒரு விரல் நகத்தைச் செதுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நீங்கள் பல் மருத்துவர்கள், நாள் முழுக்கச் சின்னக் கருவி பிடித்து வேலை செய்பவர்கள். சிற்பியின் கையைப் பார்த்ததும் விருந்தினர்களே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் ஆங்கிலத்தில் பதில் சொல்லக்கூடிய ஒருவர் கூட இருக்கட்டும்.

பேருந்தில் நாடுவாரியாக உட்கார வைக்காதீர்கள். கலந்து உட்காரட்டும். மேடையில் பேசாத இளம் மருத்துவர்களுக்கு மூத்தவர்களோடு பழக இந்தப் பயணத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. இரவுச் சாப்பாட்டில் சைவம், ஹலால், காரம் குறைந்தது எதெது என்று ஒவ்வொரு பாத்திரத்திலும் எழுதி ஒட்டுங்கள். கபாலீசுவரர் கோயில் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களை மூன்றாம் நாள் காலையில் சின்னக் குழுவாக அழைத்துப் போகலாம். இந்து அல்லாதவர்கள் கருவறைக்கு அருகே போக முடியாது என்பதை மட்டும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.