ஹாபி லாபிக்கு நான் ஏன் போறதில்ல

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நவராத்திரி நெருங்குது, டாலஸ் பக்கம் நம்ம வீடுகள்ல கொலுப்படிக்குத் துணி, செயற்கைப் பூ, பார்க் செட்டுக்கு குட்டி மரம்னு லிஸ்ட் போட ஆரம்பிச்சிருப்பீங்க. எங்க கிடைக்கும்னு வாட்ஸப் குரூப்ல கேட்டா முதல்ல வர்ற பதில், கைவினை, அலங்காரச் சாமான் விக்கிற ஹாபி லாபிதான். அந்தக் கடைய ஏன் பாய்காட் பண்ணச் சொல்றீங்கன்னு கேட்டுத்தான் என்னை இன்னைக்குக் கூப்பிட்டிருக்காங்க.

ஹாபி லாபி, டேவிட் கிரீன் 1972ல ஓக்லஹோமா சிட்டில ஆரம்பிச்ச கடை, இன்னைக்கும் அந்தக் குடும்பத்துக் கையிலதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை திறக்க மாட்டாங்க, அது அவங்க மத நம்பிக்கை, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. 2010ல ஒபாமா காலத்துல வந்த இன்சூரன்ஸ் சட்டத்தை வச்சு, கம்பெனி குடுக்குற ஹெல்த் பிளான்ல கருத்தடைக்குப் பொண்ணுங்க கைக்காசு போடாம இருக்கணும்னு ஒரு விதி வந்துச்சு. மருந்துக்கெல்லாம் அனுமதி குடுக்குற அரசு அமைப்பான எஃப்டிஏ ஏத்துக்கிட்ட 20 வகை அதுல அடக்கம். அதுல 4 வகைக்கு எங்களால முடியாதுன்னு 2012ல ஹாபி லாபி கோர்ட்டுக்குப் போச்சு. அந்த நாலும் என்னன்னா, பிளான் பி, 'எல்லா' (Ella)ங்கிற பேர்ல வர்ற ரெண்டு அவசரக் கருத்தடை மாத்திரை, அப்புறம் கருப்பைக்குள்ள வைக்கிற ஐயூடி ரெண்டு வகை, நம்ம ஊர் ஆஸ்பத்திரில காப்பர்-டி போடுறாங்கல்ல, அது ஒண்ணு, ஹார்மோன் உள்ளது இன்னொண்ணு.

அவங்க சொன்ன காரணம், இதெல்லாம் உருவான கருவைக் கருப்பைல ஒட்ட விடாம தடுக்கலாம், அது எங்க நம்பிக்கைக்கு விரோதம்ங்கிறது. ஆனா அவசர மாத்திரை முக்கியமா முட்டை வெளிய வர்றதத்தான் தள்ளிப்போடுதுன்னு டாக்டருங்க அப்பவே சொன்னாங்க. 2022 டிசம்பர்ல எஃப்டிஏ, பிளான் பி கரு ஒட்டுறதத் தடுக்குறதில்லன்னு லேபிளையே திருத்துச்சு. அதுக்குள்ள தீர்ப்பு வந்து எட்டு வருஷம் ஓடிருச்சு.

2014 ஜூன் 30, அஞ்சுக்கு நாலுன்னு உச்ச நீதிமன்றத்துல ஹாபி லாபி ஜெயிச்சுது. அன்னைக்கு பெஞ்ச்ல இருந்த மூணு பெண் நீதிபதிகளும் எதிர்ப் பக்கம்தான். அவங்கள்ல ஒருத்தரான ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதின மாற்றுத் தீர்ப்புல ஒரு கணக்கு இருக்கு, ஐயூடி போட ஆகுற செலவு மினிமம் வேஜ்ல ஃபுல் டைம் வேலை பாக்குறவங்களோட கிட்டத்தட்ட ஒரு மாசச் சம்பளம். அதிக ரத்தப்போக்கு இருக்குற பொண்ணுங்களுக்கு ஹார்மோன் ஐயூடிய வைத்தியமாவே போடுறாங்க, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

எனக்கு இதுல மனசு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. இன்சூரன்ஸ்ங்கிறது முதலாளி பாவம் பாத்துக் குடுக்குற தானம் இல்ல, அது சம்பளத்துல ஒரு பங்கு, அந்தப் பொண்ணு நாள் பூரா நின்னு பில் போட்டு, பொருள் அடுக்கி, உழைச்சு வாங்குறது. சம்பளத்தைக் கையில குடுத்தப்புறம் அதை எதுக்குச் செலவு பண்றேன்னு எந்த முதலாளியும் கேக்க முடியாது, ஆனா அதே கூலி இன்சூரன்ஸ் ரூபத்துல வந்தா மட்டும் அவளும் அவ டாக்டரும் எடுக்க வேண்டிய முடிவுல கிரீன் குடும்பத்தோட நம்பிக்கை நடுவுல வந்து நிக்குது, இது எப்படி நியாயம்? மத்த 16 வகைக்கு அவங்க மறுப்பு சொல்லல. 2022ல ஃபுல் டைம் ஆளுங்களுக்குக் குறைஞ்சபட்சம் மணிக்கு 18.50 டாலர் குடுத்தாங்க, கடைத் தொழில்ல அது நல்ல சம்பளம்தான். அதுக்காக இது சரியாயிடாது.

பாய்காட் பண்ணி என்ன ஆச்சு, கடை இன்னும் ஓஹோன்னு ஓடுதேன்னு கேப்பீங்க. ஆமா, ஓடுது. ஷேர் மார்க்கெட்ல இல்லாத குடும்பக் கம்பெனி, பங்குதாரர் யாரும் நெருக்க முடியாது. போதாக்குறைக்கு போட்டிக் கடையான ஜோஆன் 2025ல திவாலாகி எல்லாக் கிளையையும் மூடிட்டாங்க, அதனால இன்னும் நிறைய பேர் ஹாபி லாபிக்குத்தான் போவாங்க. ஆனா வால்மார்ட்ட பாருங்க, பிளான் பிய வைக்கவே மாட்டோம்னு இருந்த கம்பெனி அது. 2006 பிப்ரவரில மாசசூசெட்ஸ்ல மூணு பொண்ணுங்க கேஸ் போட்டாங்க, அந்த மாநில ஃபார்மசி போர்டு வச்சே ஆகணும்னு உத்தரவு போட்டுச்சு, அடுத்த மாசமே நாடு முழுக்க வைக்கிறோம்னு வால்மார்ட் இறங்கி வந்துச்சு. அரசாங்கம் கூட நின்னா இவ்வளவு வேகமா நடக்குது. ஹாபி லாபி விஷயத்துல நேர் எதிரா, மதக் காரணம் சொல்லி முதலாளிங்க விலகிக்க இன்னும் பெரிய வழிய ஒபாமாவுக்கு அடுத்து வந்த ட்ரம்ப் அரசாங்கம் திறந்து விட்டுச்சு, 2020ல உச்ச நீதிமன்றமும் அதுக்கு அனுமதி குடுத்துருச்சு. அப்புறம் 2022ல கருக்கலைப்பு உரிமையும் போச்சு. நாம இருக்குற டெக்சாஸ்ல இப்ப அதுக்கு ஏறக்குறைய முழுத் தடை, அப்படின்னா கருத்தடை கைக்கெட்டுற மாதிரி இருக்கிறது எவ்வளவு அவசியம்னு யோசிச்சுப் பாருங்க.

அதனாலதான் நான் போறதில்ல. அதே மாதிரி சாமான் விக்கிற மைக்கேல்ஸ் கடை இருக்கு, நம்ம ஆளுங்களே பழைய கொலு சாமான மாத்திக்கிற குரூப்பும் இருக்கு. நீங்க போனாலும் பரவால்ல, ஆனா பில் போடுற பொண்ணுகிட்ட மட்டும் கோவத்தக் காட்டாதீங்க, இது அவளுக்காகப் பேசுற பேச்சு.

இன்னொரு விஷயம். நிறைய கம்பெனில அக்டோபர், நவம்பர்ல ஓபன் என்ரோல்மென்ட், அதாவது அடுத்த வருஷத்துக்கு இன்சூரன்ஸ் பிளான் எடுக்குற சமயம் வரும். நம்மள்ல எத்தனையோ பொண்ணுங்க, வேலை விசால வந்தவங்களோட குடும்பத்துக்குக் குடுக்குற ஹெச்4 விசால, புருஷனோட இன்சூரன்ஸ்ல இருக்கோம், 26 வயசு வரைக்கும் பிள்ளைங்களும் அதுலதான். உங்க பிளான்ல ஐயூடி, மாத்திரை எல்லாம் காசில்லாம வருதான்னு பிளான் விவரம் இருக்குற பேப்பரை நீங்களே வாங்கிப் படிங்க. புரியலன்னா புருஷன்கிட்ட சொல்லி ஹெச்ஆருக்கு மெயில் போட வைங்க, பதில எழுத்துல வாங்கிக்கோங்க. நன்றி, வணக்கம்.