செலவு வறுக்கும் வாசம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்ம கொங்கு நாட்டில் ஒருத்தரைப் பார்த்து ‘கறி எடுத்தாச்சுங்களா?’ என்று கேட்டால், அது வெள்ளாட்டுக்கறியைத்தான் கேட்கிறோம். அதே வீட்டுக்காரர் சந்தையில் வாங்கி வருவது காய்கறி. தாளிக்கக் கிள்ளிப் போடுவது கறிவேப்பிலை. தஞ்சாவூர்ப் பக்கம் சில வீடுகளில் வாழைக்காய்க் கறி என்பார்கள், நாம் அதைப் பொரியல் என்போம். யாழ்ப்பாணத்தில் காய்கறிக்கு மரக்கறி என்று பேர். ஒரே சொல், எத்தனை சட்டியில் வேகிறது பாருங்கள்.

சங்கப் பாட்டில் கறி என்றால் மிளகு. யவனர்களின், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர்களின் கப்பல் பொன்னோடு சேர நாட்டுத் துறைமுகமான முசிறிக்கு வந்து கறியோடு திரும்பும் என்று அகநானூறு சொல்கிறது. அந்தக் கறி மிளகுதான். முசிறிக் கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே வந்த வணிகப் பாதை நம்ம ஊர் வழியாகத்தான் போயிற்று. கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. நொய்யல் கரையில் பழைய வணிக ஊரான கொடுமணல் இருக்கிறது. பிற்காலத்தில் சோழர் கல்வெட்டுகளில் கோயில் படையல் கணக்கைப் பார்த்தால் நெய்யமுது, தயிரமுது, கறியமுது என்று வரும். அங்கே கறி என்பது சமைத்த காய்.

மிளகாய் அப்போது இல்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசியர் வந்த பிறகு இங்கே வந்தது. மிளகு மாதிரி உறைக்கிற காய் என்பதால் மிளகாய். அந்தப் போர்த்துக்கீசியர் நம் கறியைக் ‘கரில்’ என்று எழுதினார்கள், ஆங்கிலேயர் ‘கரி’ என்றார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். 1747-இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் என்ற அம்மையார் ஒரு சமையல் புத்தகம் போட்டார். அதில் இந்திய முறையில் கரி செய்வது எப்படி என்று ஒரு குறிப்பு இருக்கிறது. இரண்டு கோழி, இல்லையென்றால் முயல். மூன்று நான்கு சிறிய வெங்காயம், 30 மிளகு, ஒரு பெரிய கரண்டி அரிசி. அப்புறம் மல்லி. அந்த மல்லியை என்ன செய்யச் சொல்கிறார் தெரியுங்களா? சுத்தமான இரும்புக் கரண்டியில், அடுப்புக் கரி அள்ளுகிற மாதிரிப் பெரிய கரண்டியில் போட்டு, நெருப்பின் மேல் காட்டிச் சிவக்க வறுத்து இடிக்கச் சொல்கிறார். மிளகாய் இல்லை, மஞ்சள்கூட இல்லை. ஆனால் மல்லி வறுபட்டிருக்கிறது. கறியின் உயிர் அந்த வறுவலில் இருக்கிறது என்பது கடல் தாண்டியும் போய்ச் சேர்ந்திருக்கிறது! பிறகு எல்லாவற்றையும் முன்கூட்டியே பொடித்து டப்பாவில் அடைத்து ‘கரிப் பொடி’ என்று விற்றார்களே, அங்கேதான் உயிர் போயிற்று. பொடித்துவிட்டால் காற்றுப் படுகிற பரப்பு கூடும், வாசம் வாரக்கணக்கில் பறந்துகொண்டே இருக்கும். கறி என்பது பொடி இல்லைங்க. வறுப்பதும் அரைப்பதும் வதக்குவதும்தான் கறி.

நம்ம ஊரில் மசாலாச் சாமானுக்குச் ‘செலவு’ என்று பேர் வைத்திருக்கிறோம். அரைக் கிலோ வெள்ளாட்டுக்கறிக்குச் செலவு சொல்கிறேன். மல்லி 3 மேசைக்கரண்டி, வரமிளகாய் 8, மிளகு 1 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, பட்டை விரல் நுனி அளவு, கிராம்பு 2.

வடச்சட்டி காய்ந்ததும் தீயைக் குறையுங்கள். அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு முதலில் மல்லி மட்டும். அதன் தோல் கெட்டி, சூடு உள்ளே இறங்க மூன்று நான்கு நிமிடம் ஆகும். ஒரு மல்லியை எடுத்து, ஆறினதும் விரலில் நசுக்கிப் பாருங்கள். படக்கென்று உடைந்தால் ஆயிற்று. நசுங்கி வளைந்தால் இன்னும் பச்சை. அடுத்து மிளகாய், மிளகு, பட்டை, கிராம்பு. மிளகாய் உப்பினால் போதும், கறுக்க விடாதீர்கள். மிளகு வெடிக்க ஆரம்பித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, சீரகத்தையும் சோம்பையும் சட்டிச் சூட்டிலேயே புரட்டுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால், மல்லி வறுபடுவதற்குள் சீரகம் கருகிவிடும். ‘குழம்பு கசக்குதே’ என்று மிளகைக் குறை சொல்வோம், கசப்பு கருகின சீரகத்தினுடையது.

பிறகு இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் சின்ன வெங்காயம் 20, பூண்டு 8 பல், ஒரு துண்டு இஞ்சி. ஓரம் சிவந்ததும் கால் மூடித் தேங்காய், கசகசா 1 தேக்கரண்டி. ஆற விடுங்கள். சூட்டோடு அரைத்தால் ஆவி படிந்து பொடி கட்டிக்கொள்ளும். வறண்டதை முதலில் பொடித்து, ஈரத்தைச் சேர்த்து அரையுங்கள். மஞ்சளை வறுக்க வேண்டாம், கறி வேகும்போது உப்போடு அரைத் தேக்கரண்டி போட்டால் போதும்.

வெந்த கறியைச் சேர்க்கும் முன்னால், அரைத்ததைக் கடலை எண்ணெயில் வதக்க வேண்டும். எவ்வளவு நேரம்? ஓரத்தில் எண்ணெய் பிரியும் வரை. ஈரம் இருக்கும்வரை மசாலின் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, அதில் வேகுமே தவிர வறுபடாது. நீர் வற்றினால்தான் சூடு ஏறும், எண்ணெய் பிரியும். மிளகாயின் உறைப்பும் செலவின் வாசமும் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பிறகு அரை மணி கொதிக்க வைத்தாலும் அந்த வறுபட்ட வாசம் வராது. திரும்பவும் சொல்கிறேன், எண்ணெய் பிரிந்த பிறகுதான் தண்ணீர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. பள்ளிபாளையம் கோழியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குச் செலவே கிடையாது. அரைக் கிலோ கோழிக்கு 15 வரமிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டு, இரண்டு கைப்பிடி சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு. கறியைச் சிறு துண்டாக வெட்டுங்கள், தண்ணீர் வேண்டாம், மூடி வைத்தால் அதன் நீரிலேயே வேகும். தேங்காய்ச் சில்லைக் கடைசியில் போடுங்கள்.

வணக்கம்.