சாம்பிள் கொடுத்த பிறகு

எல்லோரும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சாம்பிள் கொடுத்தால் வியாபாரம் கூடுமா என்று கேட்டிருந்தீர்கள். கூடும், அன்றைக்குக் கூடும். அந்த ஆள் மறுபடி வருவாரா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல பேர் ஒரு மாதம் கொடுத்துப் பார்த்துவிட்டு, கைக்காசு போனதுதான் மிச்சம் என்று நிறுத்திவிடுகிறார்கள்.

டென்னிஸ் ரீகன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். இரண்டு பேர் உட்கார்ந்து ஓவியங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அதில் ஒருவர் ஆய்வாளரின் ஆள், மற்றவருக்கு அது தெரியாது. இடைவேளையில் வெளியே போன அந்த ஆள், யாரும் கேட்காமலே மற்றவருக்கும் சேர்த்து ஒரு கோக் வாங்கி வருகிறார். சில பேர் விஷயத்தில் வெறுங்கையோடு வருகிறார். அப்புறம் குலுக்கல் சீட்டு வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டால், கோக் வாங்கிக்கொண்டவர்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். எனக்குச் சுருக்கென்று பட்டது அதற்கு அடுத்த விஷயம்: கோக் கிடைத்தவர்களிடம், அந்த ஆளைப் பிடித்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசமே செய்யவில்லை. பிடிக்காதவர்களும் வாங்கினார்கள். கடன்பட்ட மாதிரி இருந்தது, தீர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். பிடிக்காத ஒருவருக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிட்டால் அப்புறம் அந்தத் தெருப் பக்கம் நாம் போவோமா?

ஆகவே சாம்பிளைக் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 'எப்படி இருக்கு, ஒன்று பேக் பண்ணட்டுமா?' என்று ஒரே மூச்சில் கேட்கிற ஆளை எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் சங்கடத்துக்காக ஒன்று வாங்குவார்கள், அடுத்த முறை உங்கள் கடை வாசலைத் தாண்டும்போது போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

நான் துணிக்கடையில் வேலை கற்றவன். கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் நீலமாகத் தெரிகிற துணி வெயிலில் கொஞ்சம் ஊதாவாக மாறும், இது எங்கள் தொழிலில் தினசரி வம்பு. முதலாளி என்ன செய்வார் என்றால், தயங்குகிறவர் கேட்பதற்கு முன்னாலேயே ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பின்பக்கம் ஒட்டிய காகிதத்தில் எந்தத் தட்டு, எத்தனையாவது வரிசை என்று பென்சிலால் எழுதி, 'வீட்டில் பகல் வெளிச்சத்தில் பாருங்க, அவசரமில்லை' என்று கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார். போய்விடுவார் என்பதைக் கவனியுங்கள். வாங்காமல் வெளியே போகிற அந்தப் பத்து அடி தூரம் வாடிக்கையாளருக்குக் கூச்சமான தூரம். அதைக் கூச்சமில்லாமல் நடக்க விட்டால் அவர் தயங்காமல் திரும்பி வருவார். வரும்போது அந்தத் துண்டு கசங்கிப்போய் பர்ஸில் இருக்கும். பென்சில் குறிப்பைப் பார்த்துவிட்டு நான் நேராக அந்தத் தட்டுக்குப் போனால், 'அட, ஞாபகம் வைத்திருக்கிறாயே' என்பார்கள். உண்மையில் எனக்கு ஒன்றும் ஞாபகம் இருந்ததில்லை, எல்லாம் அந்தக் காகிதத்தின் புண்ணியம்.

இன்னொன்று, எத்தனை வகை சாம்பிள் வைப்பது என்பது. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது: ஒரு கடையில் ருசி பார்க்க 24 வகை ஜாம் வைத்தபோது, நின்று பார்த்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேர்தான் வாங்கினார்கள், 6 வகை மட்டும் வைத்தபோது சுமார் 30 சதவீதம். பிறகு மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்போதும் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அந்த எண்ணை அப்படியே நம்பிக் கடையைக் காலி பண்ணிவிடாதீர்கள். ஆனால் இடமில்லாத சின்னக் கடைக்கு ஐந்தாறு வகை போதும் என்று நிம்மதியாக இருக்கலாம்.

விற்காமல் தங்கிப்போன சரக்கை, காலாவதி நெருங்குகிறதே என்று சாம்பிளாகத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. உங்கள் கடையின் மோசமான பொருளை நீங்களே ஊர் முழுக்க அறிமுகப்படுத்துகிறீர்கள், அதற்கு விளம்பரச் செலவு வேறு எதற்கு?

அன்பாகப் பேசுங்கள் என்றால் விடாமல் பேசுங்கள் என்று அர்த்தமில்லை. சிலருக்கு வந்தவுடன் ஒரு தலையசைப்பு போதும், சிலர் பேசத்தான் வருகிறார்கள். இதில் பெரிய கடைகளுக்கு இல்லாத வசதி நமக்கு உண்டு, கல்லாவில் இருப்பவரும் பொருளை எடுத்துக் கொடுப்பவரும் குறை கேட்பவரும் ஒரே ஆள். போன முறை வாங்கியது சரியில்லை என்று ஒருவர் வந்தால் மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று இழுக்க வேண்டியதில்லை, அந்த நிமிஷமே மாற்றிக் கொடுக்கலாம். எங்கள் முதலாளி மாற்றிக் கொடுத்த துணியிலும் ஒரு துண்டு வெட்டிக் கையில் கொடுப்பார், இந்த முறையும் வெயிலில் பார்த்துவிடுங்கள் என்று.

சரி, நான் நிறுத்துகிறேன். முதல் வரிசையில் ஒருவர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், மைக்கை அவரிடம் கொடுங்கள்.