நட்டது பிழைக்கணும்ல

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மண்டபம் பக்கத்துல ஒரு கடற்கரை ஊரு. எங்கம்மா விரல்ல துணிய சுத்திக்கிட்டு, கழுத்தளவு தண்ணில மூச்சடக்கி முங்கி பாசி எடுத்துத்தான் எங்கள வளத்துச்சு. அந்தக் கடலுக்கு இப்ப அரசாங்கம் பணம் ஒதுக்குது, அதப் பத்திதான் பேச வந்திருக்கேன்.

2023-24 பட்ஜெட்ல தமிழ்நாடு அரசு கடலோரத்த மீட்கிறதுக்கு நெய்தல் மீட்சி இயக்கம்னு அறிவிச்சாங்க, உலக வங்கி உதவியோட அஞ்சு வருஷத்துக்கு 2,000 கோடி. அதே வருஷம் மத்திய பட்ஜெட்லயும் கரையோரச் சேத்துல வளர்ற அலையாத்திக் காட்டுக்குன்னு மிஷ்டி திட்டம் வந்துச்சு. நல்ல விஷயம், மனசார சொல்றேன். நம்ம மன்னார் வளைகுடால 21 தீவு, 1986-லயே தேசியப் பூங்கான்னு அறிவிச்சது, ஆனா அதுக்கு முன்னாடி சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பவளப்பாறைய வெட்டி வெட்டி எடுத்ததுல கீழக்கரைப் பக்கம் ஒண்ணு, தூத்துக்குடிப் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு தீவு தண்ணிக்குள்ளயே போயிருச்சு. பவளப்பாறைங்கிறது அலைக்கு முன்னாடி நிக்கிற சுவருங்க, அது போனா தீவு கரையும், தீவு கரைஞ்சா அடுத்தது நம்ம கரைதான்.

கடல்தாழைன்னா கடலடியில வளர்ற புல்லு, அத எப்படி நடுறாங்கன்னு தெரியுமா? நல்லா வளந்த இடத்துல இருந்து வேரோட பிடுங்கி, பிளாஸ்டிக் குழாய்ல செஞ்ச சட்டத்துல சணல் கயிற கட்டி, ஒவ்வொரு தாழையா அதுல முடிஞ்சு, முங்கிப் போய் தரைல பதிக்கணும். சணல் தானா மக்கிடும், அதுக்குள்ள வேர் மண்ணப் பிடிச்சிருக்கணும். பிடிச்சிருச்சுன்னா மீன் குஞ்சும் இறாலும் அதுக்குள்ள ஒதுங்கும், ஆவுளியா, அதான் கடல்பசு, மேய வரும். ஆனா வேர் பிடிக்கிறதுக்குள்ள ஒரே ஒரு இழுவை மடி அது மேல போச்சுன்னா அத்தனையும் சுருட்டிக்கிட்டு வந்துரும்ங்க. கரையையொட்டின கடல்ல விசைப்படகு மீன் பிடிக்கக்கூடாதுன்னு 1983 சட்டத்துலயே இருக்கு, அத தினமும் யாரு பாக்குறது?

அதான் நான் கேக்குறது. நடுறதுக்கு காசு இருக்கு, போட்டோ எடுக்கவும் ஆள் வருது, நட்டத ரெண்டு மூணு வருஷம் பாத்துக்க காசு எங்க? எங்க அலையாத்தி நட்டாங்கன்னாலும் முதல்ல இதத்தான் விசாரிப்பேன், தண்ணி ஏறி இறங்குற வாய்க்கால் தூந்து போனா கன்னு நின்னபடியே காஞ்சுரும், வருஷா வருஷம் தூர்வாரணும், அது சின்ன வேலைதான் ஆனா ஆள் வேணும் கூலி வேணும். பாசி எடுக்குற பொம்பளைங்களுக்கு தீவப் பக்கம் போகத் தடை, பிழைப்பு போச்சு. எங்க பாறை இருக்கு, எந்த மாசம் தண்ணி கலங்கும், எந்தப் பக்கம் நீவாடு, அதான் நீரோட்டம், இழுக்கும்னு அவங்களுக்குத் தெரியாததா? அந்தத் தாழைய கட்டவும், காவல் பாக்கவும், செத்தது பிழைச்சது எண்ணி எழுதவும் அவங்களுக்கே மாசச் சம்பளம் குடுங்க, திட்டத்துலயே எழுதி வைங்க.

வர்ற அக்டோபர் 2 கிராம சபைல எங்க ஊர்ல இத தீர்மானமா வைக்கிறோம், நம்ம ஊர்க் கடலுக்குன்னு எவ்வளவு வந்துச்சு, எங்க நட்டீங்க, இப்ப எவ்வளவு உயிரோட இருக்குன்னு மூணே கேள்வி. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், தொண்டி பக்கம் கேட்டுக்கிட்டு இருக்குற அக்கா தங்கச்சிங்க, அண்ணன் தம்பிங்க, உங்க ஊர்லயும் அன்னைக்கு எந்திரிச்சு கேளுங்க.