துணிப்பையை 20,000 தடவை தூக்கணுமா?

[திரையில்: ஒரு துணிப்பை. மேலே '20,000' என்ற எண்.]

ஆர்கானிக் பருத்திப் பையை 20,000 தடவை பயன்படுத்தினாத்தான் சுற்றுச்சூழல் பாதிப்புல ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாகுமாம். தினம் கடைக்குப் போனாலும் கிட்டத்தட்ட 55 வருஷம்! வாட்ஸ்அப்ல சுத்துற இந்த எண் பொய்யில்ல. டென்மார்க் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-ல வெளியிட்ட வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டுல இருக்கு. அதாவது, பருத்திக் காட்டுல தொடங்கி குப்பைக்குப் போற வரைக்குமான பாதிப்புக் கணக்கு.

[திரையில்: 20,000 பக்கத்தில் 149.]

ஆனா புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தா 149 தடவை போதும்னும் அதே அறிக்கை சொல்லுது. பல பாதிப்புகளைத் தனித்தனியா கணக்குப் போட்டு, அதுல மோசமானதை எடுத்தா வர்றதுதான் 20,000. பருத்திக்கு அது ஓசோன் படலச் சிதைவு. செய்தி போட்டவங்க அந்த விவரத்தை வெட்டிட்டு எண்ணை மட்டும் வெச்சுக்கிட்டாங்க.

இன்னொரு கூத்தும் உண்டு. ஒரு தடவை கடைக்குப் போனா 22 லிட்டர் சாமான்னு அடிப்படை வெச்சாங்க. ஆர்கானிக் பையோ 20 லிட்டர்தான். உடனே ரெண்டு பைன்னு கணக்கு! கீரைக்கட்டு வெளிய எட்டிப் பார்க்கத் திணிச்சுக்கிட்டு வர்ற நம்ம சாமர்த்தியம் அந்தக் கணக்குல சேரல.

சரி, கணக்கைச் சுருக்கவே கூடாதா? தாராளமா சுருக்கலாம், இடம் பார்த்து. பைகளைப் பத்தி பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-ல வெளியிட்ட ஆய்வுல, பெரும்பங்கு பாதிப்பு மூலப்பொருள்லயும் தயாரிப்புலயும்தான். போக்குவரத்துப் பங்கு சொற்பம். அப்போ லாரி எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சுன்னு மெனக்கெட வேண்டாம், சராசரி போதும். நூல் எவ்வளவு, மில்லுக்குக் கரண்ட் எங்கிருந்து வருதுங்கிறதைத் துல்லியமா பிடிக்கணும். முதல்ல தோராயமா ஒரு கணக்குப் போட்டா, எங்கே கனம்னு தெரிஞ்சிடும்.

[திரையில்: குப்பை எரியூட்டும் ஆலை.]

எந்த ஊருங்கிறதை மட்டும் வெட்டவே கூடாது. டென்மார்க்ல பை குப்பைத்தொட்டிக்குப் போயி, எரிஞ்சு, மின்சாரமும் வெப்பமுமா மாறுது. தெருவுல வீசுறது அங்கே சொற்பம்னு ஆய்வுலயே விட்டுட்டாங்க. மழைநீர் வடிகால்ல அடைச்சுக்கிற பை, மாட்டு வயித்துக்குள்ள போற பை, இதுக்கெல்லாம் அந்த அட்டவணையில கட்டமே கிடையாது.