ஒரு ஹப் பிடிக்கவில்லை, முன் சக்கரம் இரண்டும் போச்சு! பழைய ஜிப்ஸியில் இதைக் கட்டாயம் பாருங்கள்

வணக்கம் மக்களே! முதலில் இந்தக் காட்சியைப் பாருங்கள். கனகபுரா பக்கம் ஓர் ஏரிக்கரை. முந்தின நாள் நல்ல மழை. அப்பாவின் 1998 மாடல் மாருதி ஜிப்ஸி சேற்றில் நிற்கிறது. நாலு சக்கரத்துக்கும் விசை கொடுக்கிற ஃபோர் வீல் லீவரைப் போட்டாயிற்று. இறங்கிப் போய் முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப் இரண்டையும் 'லாக்'குக்குத் திருப்பியாயிற்று. ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின் சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைக்கிறது. முன் சக்கரம் இரண்டும் அசையவே இல்லை. கடைசியில் பக்கத்து வயலில் இருந்து டிராக்டர் வந்துதான் எங்களை இழுத்தது.

பெங்களூர் திரும்பியதும் அல்சூரில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் காட்டினோம். இடது ஹப் ஒழுங்காக வேலை செய்தது. வலது ஹப் மட்டும்தான் பிடிக்கவில்லை. அப்படியென்றால் இடது சக்கரமாவது சுற்றியிருக்க வேண்டாமா? எனக்கும் அதே சந்தேகம்தான் வந்தது. இந்த வீடியோவை எடுத்ததே அதனால்தான்.

ஹப் லாக் என்றால் என்ன என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போர் ஜீப்புகளில் இது கிடையாது. ஃபோர் வீல் போடாவிட்டாலும் சக்கரத்தோடு சேர்ந்து, அதைச் சுற்றும் தண்டான முன் ஆக்ஸில், இரண்டு ஆக்ஸிலுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் எல்லாம் சும்மா சுற்றிக்கொண்டே வரும். போர் முடிந்து மிஞ்சிய ஜீப்புகளை ஜனங்கள் வாங்கித் தார் ரோட்டில் ஓட்ட ஆரம்பித்ததும், அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் 1948-ல் இந்த ஹப்பைச் செய்து விற்கத் தொடங்கினார். 'ஃப்ரீ' வைத்தால் சக்கரம் மட்டும் சுற்றும், ஆக்ஸில் ஓய்வெடுக்கும். 'லாக்' வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அவ்வளவுதான்.

இப்போது அந்த இடது சக்கரத்துக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த இடமே இதுதான்.

கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு முனையில் தண்ணீர் நிறைந்த குடம் கிணற்றுக்குள் தொங்குகிறது. மறுமுனையை ஒருவர் பிடித்திருக்கிறார். அவர் பிடித்திருக்கும் வரை குடத்துக்கு இழுவை உண்டு. அவர் கையை விட்டார் என்று வையுங்கள். ராட்டினம் கடகடவென்று உருளும், கயிறு ஓடும், குடம் தொபீரென்று தண்ணீருக்குள். குடம் கட்டியிருக்கும் முடிச்சு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. மறுமுனையில் பிடிமானம் இல்லாத கயிற்றில் இந்த முனையிலும் இழுவை இருக்காது.

ஜிப்ஸியின் முன் டிஃபரன்ஷியலும் அதே மாதிரிதான். அது இடது, வலது இரண்டு ஆக்ஸிலுக்கும் சமமான விசையைத்தான் கொடுக்கும். வலது ஹப் பிடிக்காததால் வலது ஆக்ஸில் எந்தப் பாரமும் இல்லாமல் வெறுமனே சுற்றுகிறது. அதைச் சுற்ற விசையே தேவைப்படவில்லை. அங்கே ஒன்றுமில்லை என்றால் இடது பக்கத்துக்கும் ஒன்றுமில்லை. ஹப் நன்றாக இருந்தும் இடது சக்கரம் சேற்றில் சும்மா நின்றது இதனால்தான். ஒரு பக்கம் மட்டும் 'லாக்' போட மறந்தாலும் இதே கதிதான். பதற்றத்தில் இறங்குகிறவர்கள் தயவுசெய்து இரண்டு பக்கமும் திருப்பிவிட்டு ஏறுங்கள்.

சரி, வலது ஹப் ஏன் பிடிக்கவில்லை? மூடியைக் கழற்றியதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே டயல், ஸ்பிரிங், பல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லா இடத்திலும் கிரீஸ், விளிம்பு வரைக்கும். "ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய்க்குள்ள குங்குமம் கொட்டுற மாதிரி ரொப்பி வெச்சிருக்காங்க பாரும்மா" என்றார். போன வருஷம் வேறொரு இடத்தில் பேரிங் வேலைக்கு விட்டிருந்தோம். அங்கே நல்லது என்று நினைத்து அடைத்திருக்கிறார்கள்.

கிரீஸ் அதிகமானால் என்ன ஆகும்? ஹப் உள்ளே நடப்பது தாழ்ப்பாள் போடுகிற வேலை. ஆக்ஸில் முனையில் பல் இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள ஹப் கூட்டிலும் பல் இருக்கிறது. டயலைத் திருப்பினால் ஒரு பல் வளையம் நகர்ந்து இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது தாழ்ப்பாள் ஓட்டைக்குள் பெயிண்ட் புகுந்து காய்ந்துவிட்டால் என்ன செய்வோம்? எவ்வளவு தள்ளினாலும் தாழ்ப்பாள் பாதியில் நின்றுவிடும். இங்கேயும் அப்படித்தான். வளையம் போக வேண்டிய இடத்தில் கிரீஸ் கட்டியாக உட்கார்ந்திருக்கிறது. வெளியே டயல் 'லாக்' என்று காட்டும். உள்ளே வளையம் பாதி வழியில் நிற்கும்.

இனி வேலை. முன் பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டயலை 'ஃப்ரீ'யில் வைத்துவிட்டு மூடி போல்ட்டுகளைக் கழற்றுங்கள். அடுத்து ஆக்ஸில் முனையில் ஒரு சர்க்ளிப், அதாவது வளையம் மாதிரி ஒரு ஸ்பிரிங் கிளிப், இருக்கும். அதற்கென்று உள்ள பிளையரால்தான் எடுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் அது எங்கேயோ பறக்கும், சில சமயம் கண்ணுக்கே வரும். அதன்பின் ஹப் கூட்டைக் கழற்றி, எல்லாப் பாகத்தையும் டீசலில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிடுங்கள்.

துடைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அந்தப் பழைய கிரீஸை விரலில் எடுத்துப் பாருங்கள். அது உங்களிடம் நிறையச் சொல்லும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. நம்ம ஊர் அண்டர்பாஸில் முட்டியளவு மழைத் தண்ணீரில் ஓட்டிய வண்டி என்றால் இதை எதிர்பார்க்கலாம். கிரீஸ் போல இல்லாமல் கறுப்பாக, நீர்த்து ஒழுகுகிறதா? கொஞ்சம் முகர்ந்து பாருங்கள். கியர் ஆயில் வாசம் வந்தால், டிஃபரன்ஷியல் ஆயில் ஆக்ஸில் குழாய் வழியாக, ஆயிலைத் தடுக்கிற உள் சீலைத் தாண்டி இங்கே வரைக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ஹப்பை மட்டும் சுத்தம் செய்து மூடுவது வீண் வேலை. அந்த சீலை மாற்றியே ஆக வேண்டும்.

பல் முனைகள் மழுங்கி உருண்டிருக்கிறதா என்று பாருங்கள். மழுங்கியிருந்தால் பாரம் ஏறும்போது நழுவிவிடும், மாற்றிவிடுங்கள். மற்றபடி வீல் பேரிங்குக்கு எவ்வளவு கிரீஸ் வேண்டுமோ அவ்வளவு அழுத்தி வைக்கலாம். ஆனால் ஹப் பல்லுக்கு ஒரு பூச்சு போதும். அண்ணன் சுண்டுவிரலால் தொட்டுத் தடவினார், தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற அளவுதான். மூடிக்கு அடியில் இருக்கும் பழைய பேக்கிங்கைத் (கேஸ்கெட்) திரும்பப் போடாதீர்கள். அது பேப்பர் அளவு மெல்லிசு, பெங்களூர் ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். மூடியை வைக்கும்போதும் டயல் 'ஃப்ரீ'யில் இருக்கட்டும். போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். சின்ன போல்ட்டுகள், பலத்தைக் காட்டினால் உள்ளேயே முறிந்துவிடும். டயலையும் கையால் மட்டுமே திருப்புங்கள். இறுக்கமாக இருந்தால் பிளையரைத் தேடாமல் வண்டியை ஒரு அடி முன்னே பின்னே தள்ளுங்கள், பல்லுக்குப் பல் நேராகி விழுந்துவிடும்.

மாதம் ஒரு முறை இரண்டு ஹப்பையும் 'லாக்' போட்டுவிட்டு, லீவரைப் போடாமல் டூ வீலிலேயே நாலைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். முன் டிஃபரன்ஷியலும் ஆக்ஸிலும் சுற்றி எல்லா இடத்துக்கும் ஆயில் போகும். தார் ரோட்டிலேயே செய்யலாம், லீவர் போடாத வரை ஒன்றும் ஆகாது.

இப்போது பரீட்சை. முன் சக்கரம் இரண்டும் இன்னும் அந்தரத்தில்தான் இருக்கின்றன. எஞ்சின் அணைந்திருக்கிறது. ஃபோர் வீல் லீவர் போட்டு, கியரில் விட்டிருக்கிறேன். ஹப் இரண்டும் 'லாக்'. இடது சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றினால், வலது சக்கரம் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். வலது பக்கம் பிடிக்கவில்லை என்றால் இடது சக்கரம் லேசாகச் சுற்றும், வலது அப்படியே நிற்கும். சேற்றில் எங்களுக்கு நடந்ததை இப்படி வீட்டு வாசலிலேயே முன்கூட்டிக் கண்டுபிடித்திருக்கலாம்.

கேமராவை வலது பக்கம் வையுங்கள். சுற்றுகிறேன்... அதோ, வலது சக்கரம் பின்னோக்கி வருகிறது பாருங்கள்! அந்த 'கடக்' சத்தம் கேட்டதா? வளையம் முழுசாக உள்ளே உட்கார்ந்த சத்தம் அது. பழைய ஜிப்ஸி, பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பார்த்துவிட்டு, எந்த வருஷ மாடல், எந்தப் பக்கம் பிடிக்கவில்லை என்று கீழே எழுதுங்கள். உள் சீல் மாற்றுவது எப்படி என்று அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.